ஓட்டுப் போடும் முன் நான் திறக்கும் தளம்: மைநேதா

பெங்களூரு அல்சூர் மார்க்கெட் பக்கத்தில் எனக்கு ஒரு மாவுக் கடை. காலைக் கூட்டம் பத்து மணிக்கு ஓய்ந்துவிடும். 2023 கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலில் வேட்புமனு வாபஸ் முடிந்த ஏப்ரல் 24 முதல், வாக்குப்பதிவு நடந்த மே 10 வரை, அந்த ஓய்வு நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது மைநேதா தளம். போன மக்களவைத் தேர்தலுக்கும் அதைத்தான் திறந்தேன்.

வேட்பாளர்கள் மனுவோடு தரும் 26ஆம் படிவப் பிரமாணப் பத்திரத்தைத்தான் இதில் சுருக்கிப் போடுகிறார்கள். நிலுவையில் உள்ள வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். நடத்துவது ஏ.டி.ஆர். என்ற ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம். 1999இல் அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் தொடங்கியது. இந்த விவரங்களை வாக்காளருக்குத் தரவேண்டும் என்று அவர்கள் போட்ட வழக்கில்தான் 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதை நீர்த்துப்போகச் செய்ய நாடாளுமன்றம் சட்டம் திருத்த, 2003இல் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையும் ரத்து செய்தது. இத்தனை பேர் போராடி வாங்கித் தந்ததை நாம் திறந்துகூடப் பார்க்காவிட்டால் எப்படி?

கடையில் உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு அந்தச் சட்டமன்றத் தேர்தல்தான் முதல் ஓட்டு. ஒரு பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இவர் மேல நாலு கேஸ் இருக்கே. அப்போ இவருக்குப் போடக்கூடாதா?"

நானும் முதலில் எண்ணிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்ட பிறகுதான் உள்ளே போய்ப் பிரிவுகளைப் படித்தோம். 2024 ஜூலை வரை இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 143 என்றால் சட்டவிரோதமாகக் கூடியது, 341 என்றால் வழிமறித்தது. தண்ணீர் வரவில்லை என்று ரோட்டில் உட்கார்ந்தவர் மேலும் இவை விழுந்தன. 420 என்றால் மோசடி, 506 என்றால் மிரட்டல். இவற்றையும் அவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நாலு போராட்ட வழக்கு உள்ளவரைவிட ஒரே ஒரு மோசடி வழக்கு உள்ளவரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பேன். வழக்கு நிரூபணமாகவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் கல்லாவில் உட்கார வைக்கும் ஆளைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்கிறோம் அல்லவா, அந்த விசாரணையைத்தான் இங்கேயும் செய்கிறோம்.

இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள். வழக்குள்ள ஒருவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியே காரணம் வெளியிடவேண்டும், ஜெயிப்பார் என்பது மட்டும் காரணம் ஆகாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டு வாசலுக்கு வரும் கட்சிக்காரர்களிடம் அந்தக் காரணத்தைக் கேளுங்கள். நான் கேட்டேன். வந்த பையனுக்கு அப்படி ஓர் உத்தரவு இருப்பதே தெரியவில்லை. துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

சொத்து விவரத்தை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இது தளத்தின் குறை இல்லை, வேட்பாளர் எழுதியதைத்தான் அவர்கள் போடுகிறார்கள். எழுதியது சரியா என்று ஓட்டுக்கு முன் யாரும் அளந்து பார்ப்பதில்லை. பொய் என்று நிரூபணமானாலும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் அதிகபட்சச் சிறைத் தண்டனை ஆறு மாதம்தான். அதனால் ஒரே ஆளின் பழைய பத்திரத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவரும் மனைவியும் காட்டும் வருமானத்தில் ஐந்து வருடத்தில் அவ்வளவு சேர்க்க முடியுமா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வருமானம் எங்கிருந்து வந்தது என்றும் எழுதவேண்டும், அந்தக் கட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

சரி, பணம் எதுவும் கட்டவேண்டாம், போன் போதும். அசல் பத்திரத்தின் நகலும் அங்கேயே கிடைக்கும். அந்தப் பெண் தன் தொகுதியில் நின்றவர்களின் பெயர்களைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பிரிவு எண்களைக் குறித்துக்கொண்டாள். யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.