கொழிஞ்சாம்பாறை பித்தளைப் பட்டறை: ஒடுக்கு எடுக்கத் தாராளமாகக் கொடுக்கலாம்

வீட்டில் ஒடுங்கிப்போன தவலையோ குடமோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் போர்டுகூட இல்லாத ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. கரி உலை, ஒரு பெரியவர், அவர் மகன், அவ்வளவுதான்.

நான் கொடுத்தது அம்மாவின் சீர்த் தவலை. கழுத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு. முன்பு வேறொரு ஊரில் ஒரு குடத்தைக் கொடுத்தபோது, சூடே காட்டாமல் தட்டி, விரிசலோடு திருப்பித் தந்தார்கள். அதனால் இங்கே கூடவே நின்றுகொண்டேன்.

பெரியவர் முதலில் சுத்தியலைத் தொடவில்லை. ஒடுங்கிய இடத்தை மட்டும் மங்கலாகச் சிவக்கும்வரை நெருப்பில் காட்டி ஆறவிட்டார். அப்புறம் வளைந்த இரும்புத் தண்டில் தவலையைக் கவிழ்த்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மரச்சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டினார். பாதியிலேயே நிறுத்தி மறுபடியும் உலைக்குக் கொண்டுபோனார். ஏனென்று கேட்டேன். “இறுகிப்போச்சுங்க. இதுக்கு மேல அடிச்சா வெடிச்சுரும்.”

அந்த ஒரு பதிலிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவன் நான். ரைபிள் தோட்டாவின் கூடும் பித்தளைதான். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுட்டதும் விரிந்துவிடும். எங்களுக்கு வெற்றுக் கூட்டை எண்ணித் திருப்பிக் கொடுப்பதோடு சரி. அமெரிக்காவில் அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி மருந்து நிரப்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் கழுத்து இறுகும், கடைசியில் பிளக்கும். அதனால் கழுத்துக்கு மட்டும் சூடு காட்டி இளக்குவார்கள். அடிப்பாகத்துக்குச் சூடு ஏறினால் கூடு மெத்தென்றாகிவிடும், அப்புறம் அழுத்தம் தாங்காது.

ஒடுக்கு எடுத்ததில் குறையே இல்லை. கைவிட்டுத் தடவினால்தான் இடம் தெரிகிறது. ஈயப்பூச்சுதான் சுமார்; நவச்சாரம் போட்டுத் தேய்த்த பிறகும் அடிமூலையில் திட்டுத்திட்டாக இருந்தது. சொன்னதும் முகம் சுளிக்காமல் மறுபடி பூசிக் கொடுத்தார்கள். சொன்ன தேதிக்கு மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வெண்கல உருளியை ஒடுக்கு எடுக்க வாங்கவே மாட்டார்கள், அது தட்டினால் உடையும் சாமான்.

தவலையை வாங்கி வந்து மாட்டுத்தொழுவத்துப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்கள் தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும், உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921இல்தான் தெளிவானது. தட்டி எடுத்த பாத்திரத்திலும் அந்த இறுக்கம் கொஞ்சம் இருக்கும்.

கூலியை வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஈயத்துக்குத் தனிக் காசு.