அல்பெண்டசோல் சஸ்பென்ஷன்: அடியில் இறுகாத குப்பிக்கு எந்தத் தாங்குபொருள்?

குழந்தைகளுக்கான குடற்புழு மருந்தாக மருந்துக்கடையில் கிடைக்கும் அல்பெண்டசோல் சஸ்பென்ஷன் (கரையாத மருந்துத்தூள் திரவத்தில் பரவி நிற்கும் வடிவம்) பெரும்பாலும் 10 மி.லி. கொண்ட சிறு குப்பியாகவே வருகிறது. 5 மி.லி.க்கு 200 மி.கி. என்ற கணக்கில் குப்பி முழுவதிலும் 400 மி.கி. மருந்து இருக்கும். இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கு முழுக் குப்பியும், ஒன்றிலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பாதிக் குப்பியும் ஒரே வேளையில் கொடுக்கப்படுகின்றன. அந்தக் குப்பி ஆலையிலிருந்து புறப்பட்டு, கிடங்கிலும் கடை அலமாரியிலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்ற பிறகுதான் ஒரு தாயின் கைக்கு வந்து சேர்கிறது. அவர் அதைப் பத்து வினாடி குலுக்குவார். அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்தப் பத்து வினாடியில் மருந்து முழுவதும் திரவத்தில் பரவி, சிந்தாமல் சிதறாமல் கரண்டிக்கு வர வேண்டும் என்பதே இந்தத் தயாரிப்புக்கு நான் வைக்கும் அளவுகோல். ஆய்வகத்தில் எத்தனை நாள் படியாமல் நின்றது என்பதைவிட இதையே முக்கியமாகக் கருதி, துகள்களைத் திரவத்தில் தாங்கி நிறுத்தச் சேர்க்கும் தாங்குபொருள்களை இங்கே ஒப்பிடுகிறேன்.

அல்பெண்டசோல் நீரில் ஏறக்குறையக் கரையாத பொருள் என்பதோடு, அதன் தூள் நீரில் நனையவும் மறுக்கும். மேலே மிதந்து கட்டிகட்டியாகச் சேரும். அதனால் பாலிசார்பேட் 80 போன்ற நனைப்புப் பொருள் சிறிதளவு எந்த வழியிலும் தேவை. நனைந்த பிறகு அடுத்த சிக்கல் தொடங்குகிறது. 10 மைக்ரான் விட்டமுள்ள துகளுக்கும் திரவத்துக்கும் அடர்த்தி வேறுபாடு ஒரு கன செ.மீ.க்கு 0.25 கிராம் என்று கொண்டு, துகள் இறங்கும் வேகத்தைத் தரும் ஸ்டோக்ஸ் விதியைப் போட்டுப் பார்த்தால், வெறும் நீரில் அது மணிக்கு ஏறத்தாழ 5 செ.மீ. கீழே இறங்கும், 10 மி.லி. குப்பியில் திரவத்தின் உயரமே அதைவிடக் குறைவு. துகளைப் பாதியாக அரைத்தால் வேகம் நாலில் ஒரு பங்காகும். திரவத்தை நீரைப்போல் ஆயிரம் மடங்கு பாகாக்கினாலும் அதே 5 செ.மீ.யைக் கடக்க ஆயிரம் மணி நேரம், அதாவது நாற்பது நாளுக்குச் சற்று மேல்தான் ஆகும். இரண்டு ஆண்டு என்பது 17,500 மணி நேரம். வெறும் பாகுத்தன்மையை மட்டும் நம்பி இரண்டு ஆண்டு துகளைத் தாங்க வேண்டுமானால், மருந்து தேனைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டதைக் குழந்தைக்கும் கொடுக்க முடியாது, குப்பியிலிருந்தும் ஊற்ற முடியாது.

சோடியம் கார்பாக்சிமெதில் செல்லுலோஸ், சுருக்கமாகச் சிஎம்சி, இந்தக் கணக்கில்தான் தோற்கிறது. விலை குறைவு, எளிதில் கிடைக்கும், கரைசல் தெளிவாகவும் வழவழப்பாகவும் அமையும், புதிதாகச் செய்த தொகுதி கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் வழக்கமான செறிவில் அதன் கரைசலுக்குத் தாங்குவிசை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. எவ்வளவு மெல்லிய இழுப்புக்கும் அது நகர்ந்து கொடுக்கும். துகள் மெதுவாக இறங்குமே தவிர, இறங்காமல் நிற்காது. மெதுவாகவும் ஒவ்வொன்றாகவும் இறங்கும் துகள்கள் ஒன்றன் இடைவெளியில் ஒன்று கச்சிதமாக அமர்ந்து, மேலுள்ளவற்றின் எடை அழுத்த, அடியில் சுண்ணாம்புக் காரைபோல் இறுகிவிடுகின்றன. மேலே திரவம் கலங்கலாகவே தெரிவதால் அடியில் நடந்தது வெளியே தெரியாது. பழுப்பு நிறக் குப்பியில் இன்னும் தெரியாது. வெப்பம் ஏற ஏறச் சிஎம்சியின் பாகு இளகுவது மற்றொரு குறை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கிடங்கில் நிற்கும் குப்பிக்கு இது சிறிய குறையன்று.

இதற்கு நேர் எதிரான வழி, துகள்களைப் படியவிட்டே காரியத்தைச் சாதிப்பது. உப்பு போன்ற மின்பகுளி ஒன்றை அளந்து சேர்த்துத் துகள்களின் மேற்பரப்பு மின்னூட்டத்தைத் தணித்தால், அவை ஒன்றையொன்று விலக்காமல் தளர்வாகக் கைகோத்துப் பஞ்சுபோன்ற திரள்களாகும். அந்தத் திரள் விரைவாகப் படியும். ஆனால் இடையிடையே நீரைப் பிடித்துக்கொண்டு படிவதால் வண்டல் உப்பலாக இருக்கும், இரண்டு குலுக்கலில் எழுந்துவிடும். மருந்தியல் வகுப்பில் இது எல்லோரும் படிக்கும் பாடம், கொள்கை அளவில் குறை சொல்ல முடியாத பாடமும்கூட. நடைமுறையில் இரண்டு இடையூறுகள் உண்டு. முதலாவது, மின்பகுளியின் அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் திரள் கலைந்துவிடும். மருந்துத்தூளின் துகளளவு தொகுதிக்குத் தொகுதி மாறும்போது அந்தச் சரியான அளவும் மாறும். இரண்டாவது, மேலே தெளிநீரும் கீழே வெள்ளை வண்டலுமாக நிற்கும் குப்பியைப் பார்த்தவர் மருந்து திரிந்துவிட்டது என்றே எண்ணுவார். மேலும், ஒரு வயதுக் குழந்தைக்குப் பாதிக் குப்பி ஊற்றும் வீட்டில் குலுக்க மறந்துவிட்டால், மேற்பாதியாக வருவது சர்க்கரை நீர் மட்டுமே. அதனால் இம்முறையைத் தனியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னே சொல்லப்போகும் அமைப்புக்குள் இலேசான திரளலாக அது இடம்பெறுவது வேறு விஷயம்.

பென்டோனைட் முதலிய களிமண் வகைகள் பழைய வழி. அவற்றின் காரத்தன்மையும் மருந்தைத் தம் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்ளும் இயல்பும் குழந்தை மருந்துக்கு ஏற்றவையல்ல என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போட்டி உண்மையில் சாந்தன் கம்முக்கும், நுண்படிகச் செல்லுலோஸோடு சிஎம்சியைச் சேர்த்து உலர்த்திய எம்சிசி–சிஎம்சி கலவைக்கும் இடையில்தான். இரண்டுமே அசையாத நிலையில் துகளைப் பிடித்து நிறுத்தும், குலுக்கும்போது இளகிக் கொடுக்கும். ஒரு துகள் தன் எடையால் சுற்றியுள்ள திரவத்தைத் தள்ளும் விசை மிக மிகச் சிறியது. அந்த விசைக்கு அசையாத அளவு உறுதி திரவத்துக்கு இருந்தால் போதும், தேன்போன்ற கெட்டித்தன்மை தேவையே இல்லை.

சாந்தன் கம் சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியத்தைக் கொண்டு நொதிக்கவைத்துப் பெறப்படுவது. 0.2 முதல் 0.5 விழுக்காடு சேர்த்தாலே போதும். அமிலம், காரம், உப்பு, வெப்பம் எதற்கும் எளிதில் அசராது. பிஎச் 3 முதல் 12 வரை அதன் பாகு பெரிதாக மாறாது. சிறிய ஆலைகள் அதை விரும்புவதற்கு இந்தப் பொறுமையே காரணம். ஆனால் அதற்கும் குறைகள் உண்டு. நீரில் நேரடியாகக் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் ஊறி உள்ளே உலர்ந்த உருண்டைகளாக உருளும். அவை கரைந்துவிட்டன என்று நம்பி அடுத்த படிக்குப் போனால் பாகு கணக்கில் வராது. துகளைப் பிடிக்கும் அதே வலு காற்றுக்குமிழியையும் பிடித்துக்கொள்ளும். பாலிசார்பேட் நுரையும் சேர்ந்தால், வெற்றிடத்தில் காற்றை அகற்றாத வரை குப்பிகளில் நிரப்பும் எடை ஒன்றுக்கொன்று மாறும். அளவு சற்று மிகுந்தால் திரவம் இழுபடும், குப்பிச் சுவரில் வழுவழுப்பாக ஒட்டும். ஒரே வேளையில் காலியாக்க வேண்டிய குப்பியில் சுவரில் ஒட்டி நிற்பது குழந்தைக்குப் போகாத மருந்து.

எம்சிசி–சிஎம்சி கலவை வேறு வகையாக வேலை செய்கிறது. உயர்வேகக் கலக்கியில் நீருடன் அடிக்கும்போது செல்லுலோஸ் படிகங்கள் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்களாகப் பிரிந்து, திரவம் முழுக்க ஒரு வலைப்பின்னலை அமைக்கின்றன. மருந்துத் துகள் அந்த வலையில் தங்குகிறது. குலுக்கினால் வலை உடைந்து நீர்போல் ஓடும். நிறுத்தினால் சிறிது நேரத்தில் தானே மீண்டும் பின்னிக்கொள்ளும். உடைவதற்கும் பின்னுவதற்கும் இடையிலான அந்தச் சிறு இடைவெளிதான் கரண்டியில் ஊற்றும் நேரம். வலை கரையாத துகள்களால் ஆனது என்பதால் வெப்பத்தில் சிஎம்சி அளவுக்கு இளகுவதில்லை. வாயிலும் பிசுபிசுப்பு இல்லை. இத்தனை நன்மைக்கும் விலையாக அது ஒழுங்கைக் கேட்கிறது: முதலில் வெறும் நீரில்தான் அடிக்க வேண்டும், சர்க்கரையையும் உப்பையும் முன்னதாகச் சேர்த்துவிட்டால் படிகங்கள் சரியாகப் பிரியா, வலையும் அமையாது. சாதாரணத் துடுப்புக் கலக்கி மட்டுமே உள்ள இடத்தில் இதைச் செய்துவிட்டு, பொருள் சரியில்லை என்று சொல்வது தவறு.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால், 10 மி.லி. குப்பிக்கு என் தேர்வு எம்சிசி–சிஎம்சி. அதோடு மிகச் சிறிதளவு சாந்தன் சேர்த்தால் உப்பினால் வலை கலைவதையும் மேலே மெல்லிய தெளிநீர் பிரிவதையும் தடுக்கலாம் என்பது பலரும் கையாளும் வழி, நல்ல வழியும்கூட. ஆனால் இங்கே பலர் இடறும் கல் ஒன்று உண்டு. சாந்தன் நுண்ணுயிரிலிருந்து வருவதால், சில தரங்களில் செல்லுலேஸ் என்னும் நொதி எச்சமாகத் தங்கியிருக்கலாம். அது சிஎம்சியை மெல்ல மெல்ல அறுத்துவிடும். தயாரித்த வாரத்தில் பாகுமானி எதையும் காட்டாது. சில மாதங்களில் பாகு சரிந்து, துகள்கள் இறங்கத் தொடங்கும்போது, குற்றம் மருந்துத்தூளின் மீதோ வெப்பத்தின் மீதோ சுமத்தப்படும். செல்லுலேஸ் நீக்கிய தரம் என்று உறுதிசெய்யாத சாந்தனைச் செல்லுலோஸ் வகை எதனோடும் சேர்க்கக் கூடாது.

மருந்தில் கிருமி வளராமல் காக்கும் பதப்பொருளும் இந்தத் தேர்வோடு பின்னிக்கிடக்கிறது. அல்பெண்டசோலுக்குப் பிஎச் 4.5 முதல் 5.5 வரை ஏற்றது. சோடியம் பென்சோவேட் சேர்ப்பதானால், அதில் கிருமியைத் தடுப்பது பிரிகையடையாத பென்சோயிக் அமிலப் பகுதி மட்டுமே. அது பிஎச் 4.5இல் மூன்றில் ஒரு பங்காகவும், 5.5இல் இருபதில் ஒரு பங்காகவும் இருக்கும். ஒரே எல்லைக்குள் இவ்வளவு வித்தியாசம். பாரபென்கள் என்னும் வேறு பதப்பொருள்களைச் சேர்த்தால் பாலிசார்பேட் அவற்றில் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துச் செயலிழக்கச் செய்யும். ஆகவே நனைப்புப் பொருளைத் தாராளமாகச் சேர்ப்பது நுரை, பதக்குறைவு ஆகியவற்றோடு, நுண்துகள் கரைந்து பெரிய துகளின் மேல் படிகமாக வளர்வதையும் விரைவுபடுத்தும்.

சாந்தனைக் கட்டியில்லாமல் ஊறவைக்க, அதை முதலில் கிளிசரினிலோ புரோபிலீன் கிளைக்காலிலோ குழப்பிக்கொள்வது வழக்கம். அந்தத் திரவங்களில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்ததால் 2022இல் காம்பியாவிலும், 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். பின்னதற்குக் காரணமான இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்பதை இத்துறையில் உள்ள யாரும் மறக்கக் கூடாது. உலர்ந்த சாந்தனை அதன் பத்து மடங்கு சர்க்கரைத் தூளோடு கலந்து தூவினாலும் கட்டி சேராது. தவிர்க்கக்கூடிய ஒரு திரவத்தைத் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க முடியாதபோது வந்திறங்கும் ஒவ்வொரு பீப்பாயையும் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

மருந்து மாறினால் கேள்வியும் மாறும். மற்றொரு குடற்புழு மருந்தான மெபெண்டசோலுக்கு ஏ, பி, சி என மூன்று படிக வடிவங்கள் உண்டு, விரும்பப்படுவது சி. அது திரவத்தில் நின்று நின்று வீரியம் குன்றிய ஏ வடிவத்துக்கு மாறக்கூடும், ஏ வடிவத்தின் சிறு விதை முன்பே இருந்தால் இன்னும் விரைவாக மாறும். அழகாகத் தொங்கிக்கொண்டிருக்கும் சஸ்பென்ஷனுக்குள்ளேயே இது நடக்கும். தாங்குபொருளின் தேர்வு மட்டும் இதைத் தடுத்துவிடாது. படிக வடிவத்தைக் காட்டும் எக்ஸ்கதிர் விளிம்பு விளைவுச் சோதனை இல்லாமல் அந்த மருந்தின் நிலைப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

ஆடுமாடுகளுக்கான அல்பெண்டசோல் லிட்டர் கேன் விஷயத்தில் என் தீர்ப்பும் மாறுகிறது. அதை ஒரு மந்தைக்கு ஊற்றி முடிக்கும் வரை பலமுறை திறப்பார்கள். நடுநடுவே குலுக்க நேரம் இராது. மருந்தூட்டும் துப்பாக்கியின் குறுகிய குழாயில் இளகி ஓட வேண்டும். முதல் ஆட்டுக்கும் கடைசி ஆட்டுக்கும் ஒரே அளவு மருந்து போக வேண்டும். உயர்வேகக் கலக்கி இல்லாத ஆலையிலும் தவறாமல் அமையும் சாந்தனே அங்கு முந்துகிறது. சுவரில் சிறிது ஒட்டுவது ஒரு லிட்டரில் பெரிய இழப்பாகாது.

10 மி.லி. குப்பிக்குத் திரும்பினால், எந்தத் தாங்குபொருளைத் தேர்ந்தாலும் அதை முடிவுசெய்யும் சோதனை எளியது. 40 பாகை வெப்பத்தில் ஆறு மாதம் நிமிர்ந்து நின்ற குப்பிகளை எடுத்து, மருந்துத் தயாரிப்போடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்துப் பத்து வினாடி குலுக்கச் சொல்லி, ஊற்றச் சொல்ல வேண்டும். ஊற்றிய திரவத்தில் உள்ள அல்பெண்டசோலையும், காலிக் குப்பியைக் கரைப்பானால் கழுவி எடுத்ததில் உள்ளதையும் தனித்தனியே அளக்க வேண்டும். கழுவிய கரைப்பானில் வரும் மில்லிகிராம் எவ்வளவோ, அவ்வளவும் குழந்தைக்குப் போய்ச் சேராத மருந்து.