கிளிட்டர் நெயில் பாலிஷ்: தனியாகவா, வேறு நிறத்தின் மேலா?

தனியாகப் பூசினால் நகம் முழுக்க மூட 3, 4 பூச்சு வேண்டும், ஏனென்றால் மினுக்குத் துகள்கள் மிதப்பது நிறமில்லாத பாலிஷில்தான். காயும் முன் படுத்தால் போர்வைத் தடம் பதிந்துவிடும். பூச்சைக் குறைக்க, பாலிஷை ஸ்பாஞ்சில் தொட்டு நகத்தில் ஒற்றிப் பாருங்கள், நிறமில்லாத பாலிஷை அது உறிஞ்சிக்கொள்ள, துகள்கள் நெருக்கமாக உட்காரும்.

அதையே கருநீலத்தின் மேல் ஒரே ஒரு பூச்சு போட்டால் இடைவெளிகளும் அழகாகத் தெரியும். பெரிய துகளுக்கு எப்போதும் இதுதான் சரி. பொடித் துகள் என்றால் தனியாகவே போடுவேன், அந்தப் பளபளப்பு அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம், எடுப்பது இரண்டிலும் ஒரே பாடுதான்: ரிமூவர் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து அலுமினியத் தாளால் சுற்றி 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். சுரண்டாதீர்கள், நகத்தின் மேலடுக்கும் உரிந்து வரும்.