பெட்டிக்குப் பெரிய சில்லு போட்டு மூன்று மாரி கடந்தபின்

எங்கள் வயல் யாழ்ப்பாணத்து அராலியில், வழுக்கையாற்றுத் தண்ணீர் கடலுக்குப் போகிற பக்கம். கோடையில் அந்த மண் சீமெந்துத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் முழங்கால் வரை உள்ளே இழுக்கும். லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பின்னால் பாரம் ஏற்றும் பெட்டியைக் கொளுவி, எருவும் நெல்லும் ஏற்றிக்கொண்டு பதினாறு வருடமாக அந்த வழியால்தான் போய்வருகிறேன்.

2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. இரண்டு மூன்று பை யூரியாவோடு முடிகிற வேலைக்கு அந்த வருடம் பெட்டி பெட்டியாக மாட்டெரு ஏற்றினோம். ஒரே நாளில் மூன்று தரம் புதைந்தது. மூன்றாம் தரம் சேற்றில் குந்தியிருந்து கீழே பார்த்தேன். சில்லு அவ்வளவு ஆழத்தில் இல்லை. படுத்துக் கிடந்தது அச்சுத்தான். அச்சுக்குக் கீழே பாரம் தாங்கும் வில்லுத் தகடு, அதற்கும் கீழே இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் தட்டு. அந்தத் தட்டு கலப்பை மாதிரி நிலத்தைக் கீறிக்கொண்டே வந்திருந்தது. அதன் முன்னால் ஒரு கடகம் சேறு குவிந்திருந்தது.

2022இல் டீசல் இல்லாமல் இயந்திரம் வீட்டு முற்றத்தில் நின்ற நாட்களில் பெட்டியை உயர்த்தும் வேலையைத் தொடங்கினேன். மின்வெட்டு நேரம் பார்த்துப் பார்த்து இரும்பு ஒட்டு வேலை நடந்ததால் ஒரு கிழமை வேலை ஒரு மாதம் எடுத்தது.

முதலில் பெரிய சில்லு மட்டும் போடத்தான் நினைத்தேன். பழையது 165/80 அளவு 13 அங்குல ரயர், முழு உயரம் கிட்டத்தட்ட 594 மி.மீ. புதிதாக எடுத்தது ஜீப்புக்குப் போடும் 6.00-16, அது 730 மி.மீ. வரும். உயரத்தில் பாதிதான் அச்சை மேலே தூக்கும், ஆகவே கிடைப்பது 68 மி.மீ., இரண்டே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. என்னுடைய பெட்டியில் சில்லு, மூட்டை ஏற்றும் தட்டுக்குக் கீழேதான் ஓடுகிறது. ரயரின் மேல்விளிம்புக்கும் தட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி 5 அங்குலம். பெரிய சில்லு அதில் பாதிக்கு மேல் தின்றுவிட்டால், பத்து மூட்டை நெல் ஏற்றி வில்லு இறங்கும்போது ரயர் தட்டில் உரசும். அதனால் அச்சையும் இடம் மாற்ற வேண்டியதாயிற்று.

வில்லுத் தகட்டுக்கு மேலே இருந்த அச்சைக் கீழே கொண்டுபோனோம். இப்படி மாற்றினால் அச்சின் தடிப்பும் தகட்டுக் கட்டின் தடிப்பும் சேர்ந்த அளவு பெட்டி உயரும். எனக்கு 50 மி.மீ. சதுர அச்சு, 30 மி.மீ. தகட்டுக் கட்டு. ஆக 80 மி.மீ. சில்லோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 6 அங்குலம். பெட்டி 6 அங்குலம் உயர்ந்தாலும் அச்சுக்கும் நிலத்துக்கும் நடுவில் கூடியது 4 அங்குலம்தான் (சில்லால் 68 மி.மீ., கீழே இருந்த தகட்டுக் கட்டு மேலே போனதால் 30); முன்பு 9, இப்போது 13க்குச் சற்றுக் குறைவு. சேற்றில் உதவுவது இந்த 4 அங்குலம். மிச்சம் இரண்டும் மூட்டை தூக்குகிறவரின் இடுப்புக்குப் போகிற பாரம். உயர்த்த நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை முதலே போட்டுப் பாருங்கள்.

அச்சு நடுவில் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருந்தால் அது பழுதில்லை. பாரம் ஏறும்போது நேராக வரட்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். இடம் மாற்றும்போது அச்சைத் தலைகீழாகப் புரட்டக் கூடாது. அதே முகம் மேலே இருக்க, கீழே இறக்கி, வில்லுத் தகடு அமரும் புது இருக்கை ஒட்ட வேண்டும்.

பழைய சில்லுக்கு நாலு போல்ட், ஜீப் சில்லுக்கு ஐந்து. நாலு துளைச் சில்லில் எதிரெதிர்த் துளைகளின் நடுவை அளந்தால் போல்ட் வட்டத்தின் விட்டம் வந்துவிடும். ஐந்தில் எதிர்த் துளை கிடையாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் நடுவை அளந்து 1.7ஆல் பெருக்க வேண்டும். எனக்கு 82 மி.மீ. வந்தது, ஆகவே வட்டம் 139.4, அதாவது கிட்டத்தட்ட ஐந்தரை அங்குலம். இதைத் தாளில் எழுதிக்கொண்டு போனதால் லேத் பட்டறையில் வேலை சுருக்காக முடிந்தது. சில்லு பூட்டும் ஹப்பின் முகப்பைப் புதிதாகக் கடைந்து, பழைய பிரேக் டிரம்மையே அதில் பூட்டினோம். மொத்தச் செலவில் பாதி ரயர் இரண்டுக்கும் போனது.

கடைந்து தந்த அண்ணை அப்போதே சொன்னார்: "தம்பி, சில்லு பெரிசாகினா பிரேக் குறையும், பாத்துக்கொள்." நான் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, நெல் மூட்டையோடு வரும்போது ஒழுங்கையால் ஒரு பிள்ளை சைக்கிளில் சடாரென்று ஏறியது. மிதித்த மிதிக்குப் பெட்டி நிற்கவில்லை, இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டே போனது. வேலிப் பக்கம் திருப்பினேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

டிரம் பிடிக்கிற பிடி அதேதான். ஆனால் சில்லின் ஆரம் 297இலிருந்து 365 மி.மீ. ஆனதும் நிலத்தில் கிடைக்கும் தடுப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அடுத்த நாளே பிரேக்கின் நெம்புக் கையை 5 அங்குலத்திலிருந்து ஆறரை ஆக்கினேன். மிதி கொஞ்சம் ஆழம் போகிறது, அதனால் கம்பியை அடிக்கடி இறுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பெட்டி நிற்கிறது. இந்த வேலையை முடிக்காமல் யாரும் பாரத்தோடு தெருவில் ஏறாதீர்கள்.

அதற்கு முதலே இன்னொரு பிழை நடந்திருந்தது. ஒட்டு வேலை செய்த பட்டறையில் இருக்கைகளைக் கண்ணளவில் வைத்து ஒட்டிவிட்டார்கள். முதல் போகம் முடிய முன்னம் இடது ரயரின் உட்பக்கப் பள்ளம் மழுங்கிவிட்டது. பெட்டியை இயந்திரத்தில் கொளுவும் ஊசியில் ஒரு நூலைக் கட்டி, அச்சின் இரண்டு நுனிக்கும் பிடித்துப் பார்த்தேன். வலது பக்கம் போட்ட முடிச்சு இடது பக்கம் எட்டவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன், ஒரு பெருவிரல் அகலம். அளந்தால் 18 மி.மீ. பெட்டி இத்தனை நாளும் ஒரு பக்கம் சரிந்தே இழுபட்டிருக்கிறது. வெட்டித் திரும்ப ஒட்டினோம். ஒட்ட முன்னம் நூல் பிடித்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இழுவைத் தண்டையும் மாற்ற வேண்டும். இயந்திரத்தில் கொளுவுமிடத்தின் உயரம் மாறுவதில்லை. பின்பக்கம் மட்டும் உயர, பெட்டி முன்னுக்குக் குனிந்தது. 6 அடித் தட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் 4 அங்குல வித்தியாசம். மூட்டை முன்னால் வழுக்கியது, கைப்பிடி கனத்தது. தண்டில் கொளுவுமிடத்துக்கு இறங்கும் காலை 6 அங்குலம் நீட்டி, இரண்டு பக்கமும் முக்கோணத் தகடு வைத்து ஒட்டியபின் தட்டு மட்டமானது. ஆனால் தட்டோடு நான் குந்தும் இருக்கையும் மேலே போய்விட, கைப்பிடியைக் குனிந்து பிடித்து ஒரு மாதம் முதுகு நொந்தது. பிறகு இருக்கையைத் தட்டிலிருந்து கழற்றித் தாழ்த்திப் பூட்டினேன்.

சரி, பலன் என்ன? 2022, 2023, 2024 மூன்று மாரியிலும் புதைந்தது ஒரே ஒரு தரம். 2024 கார்த்திகை வெள்ளத்தில் வரம்பு தெரியாமல் வாய்க்காலுக்குள் இறக்கினேன், அது என் பிழை. ஒழுங்கைப் பள்ளங்களில் முன்பு தட்டு துள்ளி மூட்டை கிழியும், இப்போது உருண்டு போகிறது. மற்றவர்கள் முதலில் கேட்பது, இழுவை குறையுமா என்பது. குறையாது. பெட்டியின் சில்லை இயந்திரம் சுழற்றுவதில்லை, இழுக்கத்தான் செய்கிறது. சேற்றில் முன்பு இரண்டாம் கியரில் அழுத இயந்திரம் இப்போது அமைதியாகப் போகிறது.

பிடிக்காதது வைக்கோல் பாரம். 6 அங்குலம் உயர்ந்த தட்டில் பழைய அளவுக்கே அடுக்கி, வரம்பில் ஏறும்போது ஒரு பக்கச் சில்லு நிலத்தை விட்டுக் கிளம்பியது. அதற்குப் பிறகு பக்கத்துக்கு 3 அங்குலம் கூடின புது அச்சு போட்டேன், வைக்கோலிலும் இரண்டு அடுக்குக் குறைத்தேன். மூட்டை ஏற்ற என் மனைவி முன்பு தனியாக ஒரு கை தருவார், இப்போது இரண்டு பேர் வேண்டும். பின்கதவை இறக்கிச் சாய்பலகை ஆக்கியது கொஞ்சம் உதவுகிறது.

திரும்பச் செய்தால் 16க்குப் போகமாட்டேன். 14 அங்குல வான் ரயரும் அச்சு இடமாற்றமும் போதும். உயரம் கொஞ்சம் குறையும், பிரேக்கும் இவ்வளவு இழக்காது. மழைக்காலம் வயலுக்குள் இறங்காத பெட்டிக்கு இது ஒன்றும் தேவையில்லை.

முதல் பாரம் இறக்கியதும் யூ போல்ட் எல்லாவற்றையும் திரும்ப இறுக்குங்கள், எனக்கு அரைச் சுற்று ஏறியது. ஹப் நட்டை, சில்லைச் சுற்றிக்கொண்டே நன்றாக இறுக்கி, பிறகு ஆறில் ஒரு சுற்றுத் தளர்த்தி, நட் கழராமல் ஸ்பிளிட் பின் போட வேண்டும். சேற்றுத் தண்ணீரில் ஓடுவதால் ஒவ்வொரு மாரி முடியவும் பெயாரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் புதுக் கிறீஸ் வைக்கிறேன். இந்தத் தை மாதம் கழற்றியபோது வலது பக்க ஒயில் சீல் கிழிந்து, உள்ளே கிறீஸ் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. சீலை மாற்றினேன். பெயாரிங் அதே பழையதுதான், கையில் பிடித்துச் சுற்றினால் இன்னும் சத்தம் இல்லை.