மகூப்பினா, வில்லியம்சனா?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து நிலக்கரி வரலாற்றைப் பார்க்க ஒரு நாள்தான் இருக்கிறதா? மகூப்பின், வில்லியம்சன் என்ற இரண்டு கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) மகூப்பினுக்கே போங்கள். நிலம் பெரும்பாலும் தட்டை, கண்ணுக்கெட்டிய தூரம் சோள வயல். ஆனால் மவுண்ட் ஆலிவில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1898இல் விர்டனில் கம்பெனிக் காவலர்கள் சுட்டதில் மாண்ட வேலைநிறுத்தத் தொழிலாளர்களைப் புதைக்க வேறு இடம் மறுக்கப்பட்டதால் எழுந்தது அது. அவர்கள் பக்கத்திலேயே தன்னையும் புதைக்கச் சொன்ன தொழிற்சங்கப் போராளி மதர் ஜோன்ஸ் 1930இல் அங்கே அடக்கமானார். உயரமான கிரானைட் தூண், இருபுறமும் வெண்கலத்தில் இரண்டு சுரங்கத் தொழிலாளர்கள். பார்த்தாலே மனம் கனத்துவிடும்.

வில்லியம்சன் கவுண்டி தெற்கே. காடு, கிராப் ஆர்ச்சர்ட் ஏரி என்று அழகில் இதுதான் மேல். வரலாறுதான் கொடூரம்: 1922இல் ஹெரினில், வேலைநிறுத்தத்தின்போது கம்பெனி அமர்த்திய மாற்றுத் தொழிலாளர்கள் சரணடைந்த பிறகும் அவர்களைச் சங்கத்தினரே கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் பலருக்கு நெடுங்காலம் பெயர் பொறித்த கல்கூட இல்லை. இரண்டாம் நாள் கிடைத்தால் அப்புறம் இங்கேயும் வாருங்கள்.