ரேஞ்சரும் பழைய பட்டியலும்: நான்கு வருட அனுபவம்

சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டிலிருந்து, கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றின் டேட்டா கிளஸ்டரை, அதாவது தரவைச் சேமித்து அலசும் கணினிக் கூட்டத்தை, பார்த்துக்கொள்கிறேன். அதிலுள்ள தரவை டேபிள்களாகப் படிக்க உதவும் மென்பொருள் ஹைவ். ஹைவில் யார் எந்த டேபிளைப் படிக்கலாம் என்ற அனுமதிப் பட்டியல், அப்பாச்சி ரேஞ்சர் என்ற இன்னொரு மென்பொருளின் பொறுப்பு. நான்கு வருடப் பழக்கம்.

முன்பு தோட்டத்தில் மண்டோராக (கங்காணியாக) இருந்த அப்பாவுக்கு இது சட்டென்று புரிந்தது. வேலையாட்களின் மூலப் பட்டியல் ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்). காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மண்டோர் கையில் நகல். ரேஞ்சர் அட்மின் என்ற மைய சர்வர்தான் கிராணி; ஹைவுக்குள் இருக்கும் பிளகின் என்ற துணை நிரல்தான் மண்டோர். வழக்கமான அமைப்பில் 30 விநாடிக்கு ஒருமுறை ரேஞ்சர் அட்மினிடம் பட்டியல் மாறியதா என்று கேட்கும். மாறியிருந்தால் வாங்கி டிஸ்கில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு குவெரிக்கும் (தரவுக் கேள்விக்கும்) அட்மினிடம் ஓடாது. வேகத்தில் குறை சொல்ல முடியாது.

கேட்க வருவது நம் பிளகின்தானா? ஆரம்பத்தில், இரு பக்கமும் சான்றிதழ் காட்டி அடையாளம் நிரூபிக்கும் இருபக்க எஸ்எஸ்எல் வைத்திருந்தோம். பிளகினும் சான்றிதழ் காட்ட வேண்டும்; அதிலுள்ள காமன் நேம் என்ற பெயர்ப் பகுதி, ரேஞ்சரில் அந்த சர்வீசுக்குப் பதிந்த பெயரோடு ஒத்துப்போக வேண்டும். ஒருநாள், வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை நீக்கினேன். மறுநாளும் அவர் பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது! பார்த்தால், பிளகினின் சான்றிதழ் காலாவதியாகி மூன்று வாரம். அட்மின் கதவைச் சாத்திவிட்டது; பிளகினோ பழைய நகலை வைத்துப் பெரட்டு நடத்திக்கொண்டிருந்தது. பாலிசிகள் (பட்டியலிலுள்ள அனுமதி விதிகள்) அடிக்கடி மாறாததால் யாருக்கும் தெரியவில்லை. லாக்கில் புலம்பல் இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை. அவசரமாகப் புதுச் சான்றிதழ் போட்டேன். காமன் நேமைத் தவறாக எழுதியிருந்தேன், அதுவும் செல்லவில்லை. அன்று இரவுச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு.

அப்புறம் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறைக்கு மாறினோம். ஹைவ் தன் கீடேப் என்ற சாவிக் கோப்பால் அடையாளத்தை நிரூபிக்கும். ஆனால் ரேஞ்சர் அமைப்பில், பாலிசியை இறக்கிக்கொள்ள அனுமதி உள்ளவர்கள் வரியிலும் 'ஹைவ்' என்ற பெயர் இருந்தாக வேண்டும். ஆள் யாரென்று தெரிவது வேறு, பட்டியலைக் கொடுக்கலாமா என்பது வேறு. இதைப் பிடிக்க எனக்கு ஒரு சனிக்கிழமை போனது.

இன்னொன்று கடிகாரம். இங்கே மாலை இடிமழையில் மின்சாரம் போய்வந்தால், வீட்டிலிருக்கும் என் பழைய சோதனைக் கணினி நேரத்தை மறந்துவிடும். 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் ஏற்காது. போர்டு பேட்டரி மாற்றினேன், சரியாகிவிட்டது.

இப்போது காலையில் முதல் வேலை, ரேஞ்சரின் ஆடிட் பகுதியில் 'பிளகின் ஸ்டேட்டஸ்' பார்ப்பது. பாலிசி மாறிய நேரமும் பிளகின் அதை இறக்கிய நேரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி விழுந்தால் கைப்பேசிக்குச் செய்தி வரும்படி ஒரு ஸ்கிரிப்டும் எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் இரண்டு முறை வந்தது.