வளவுக்குள் மழை பிடிக்கும் கேம்: சோதனைப் பதிப்பு எப்படி இருக்கிறது?

காரைக்குடியில் இரண்டு பேர் சேர்ந்து செய்துவரும் ஆர்கேட் கேம். இன்னும் பெயர் வைக்கவில்லை, சோதனைப் பதிப்புதான் வந்திருக்கிறது. வளவு எனப்படும் செட்டிநாட்டு வீட்டு முற்றத்தின் நான்கு மூலையிலும் கூரைத் தண்ணீர் கொட்டும். பித்தளை அண்டாவை விரலால் இழுத்துப் பிடிக்க வேண்டும். நடுநடுவே நாட்டு ஓடு சரிந்து விழும். அண்டாவில் பட்டால் ஆட்டம் குளோஸ்.

கேமின் உயிர் ஒரே விதியில் இருக்கிறது. நிரம்ப நிரம்ப அண்டா கனத்து மெதுவாக நகரும். ஆனால் நிறையச் சேர்த்துத் தொட்டியில் கொட்டினால்தான் புள்ளி பெருகும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டவர் ஓட்டுக்குப் பலி. இந்த விதியை யார் என்ன சொன்னாலும் மாற்றிவிடாதீர்கள். சத்தமும் பிரமாதம். உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய நிஜப் பாத்திரத்தில் சுருதி ஏறுமே, அதேபோல இங்கும் ஏறுகிறது. கண் ஓட்டின் மேல் இருந்தாலும், அண்டா எவ்வளவு நிரம்பியது என்று காது சொல்லிவிடும். புளூடூத் இயர்போனில் மட்டும் சத்தம் பிந்துகிறது. வயர் போட்டு ஆடுங்கள்.

கோளாறுகளில் பெரியது வேகம். 60 ஹெர்ட்ஸ் போனில் (திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது) நிதானமாக விழும் ஓடு, 120 ஹெர்ட்ஸ் போனில் இரு மடங்கு வேகத்தில் இறங்குகிறது. ஃபிரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், இத்தனை பிக்சல் என்று நகர்த்தினால் இப்படித்தான் ஆகும். 60-இல் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லி விநாடி, 120-இல் அதில் பாதி. விநாடிக்கு இத்தனை பிக்சல் என்று வைத்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் கடந்த நேரத்தால் பெருக்குங்கள். (1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆர்கேட் கேமில் எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடியதும் ஹார்டுவேரின் தயவுதான், அங்கே அது யோகமாக அமைந்தது.) அதுவரை ஸ்கோர் பட்டியலை மூடி வைக்கலாம். ஆடுபவர்கள் செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்டை 60-க்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மோதல் கணக்கு. ஓட்டின் நிழலும் ஓடாகவே எண்ணப்படுவதால், படாமலே சாகிறோம். ஓட்டின் மோதல் பெட்டியை (பட்டதாகக் கணக்கிடும் எல்லையை) படத்தைவிடச் சற்றுச் சிறிதாகவும், அண்டா வாயினுடையதைச் சற்று அகலமாகவும் வைத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆத்தங்குடிக் கல் தரை அழகுதான், ஆனால் அந்தச் சிவப்பு மஞ்சள் பூவேலைக்கு மேலே செம்மண் நிற ஓடு கண்ணுக்கே தெரிவதில்லை. தரையின் நிறத்தை மங்கலாக்கி, ஓட்டுக்குக் கருப்பு விளிம்பு கொடுங்கள்.

மெனுவில் 'மழை' உடைந்து, ஐகாரக் கொம்பு ழகரத்துக்குப் பின்னால் நிற்கிறது. கேம் செய்யும் மென்பொருளான கோடோ 3-இல் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கும் வசதி கிடையாது. கோடோ 4-இல் உண்டு. இப்போதைக்கு மாற முடியாதென்றால் மெனுச் சொற்களைப் படமாகவே போட்டுவிடலாம், மொத்தமே இருபது சொல்கூட இல்லை. தோற்றபின் மறுபடி ஆட மூன்று தட்டு தட்ட வேண்டியிருக்கிறது, ஒன்றே போதும்.

கோளாறு எழுதி அனுப்புபவர்கள் போன் மாடல், ரெஃப்ரெஷ் ரேட், பதிப்பு எண் மூன்றையும் சேர்த்து, முடிந்தால் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் போடுங்கள். 'ரொம்பக் கஷ்டமா இருக்கு' என்று மட்டும் எழுதினால், வேகம் பிசகியதா, ஆட்டமே கடினமா என்று கேம் செய்பவர்களுக்கு எப்படித் தெரியும்?